இருபதரைக் கிலோ கடல்

குடிதண்ணீர்க் கேனில் 20 லிட்டர் பிடிக்கும். கடல் தண்ணீரை நிரப்பித் தராசில் வைத்தால் 20.5 கிலோ காட்டும். வேளச்சேரியில் மூன்றாம் மாடியில் இருக்கும் என் வீட்டுக்கு வாரம் ஒரு கேன் ஏறுகிறது. லிஃப்ட் கிடையாது. ஆண்டுக்கு 52 கேன், 1,040 லிட்டர், ஒரு டன்னுக்கு மேல். ஒன்பது மீட்டர் உயரத்துக்கு இவ்வளவையும் தூக்கச் செலவாகும் ஆற்றலை ஒருநாள் கணக்குப் போட்டேன். 22 கிலோ கலோரி வந்தது, அரை இட்லி. பௌதிகம் சொல்வது அது. முதுகு வேறு மாதிரி சொல்கிறது.

கடல் மீன் தொட்டி வைத்திருப்பவரிடம் வருகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பக்கத்திலேயே கடல் இருக்கு. அதை விட்டுட்டு உப்பை வாளி வாளியா காசு குடுத்து வாங்குறீங்களே?" நியாயமான கேள்விதான். நான்கு ஆண்டாக ஒரு நோட்டில் இதற்கான பதிலை எண்ணிக்கொண்டு வருகிறேன். கடலில் தண்ணீருக்கு விலை இல்லை. அது என் தொட்டிக்குள் இறங்கும்போது லிட்டருக்கு 6 ரூபாய் 67 காசு ஆகியிருக்கிறது. எப்படி ஆனது என்பதுதான் இந்தக் கணக்கு.

முதலில் தொட்டி. நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம். கொளத்தூர் மீன் கடைகளில் அடிக்கணக்கில்தான் பேசுவார்கள். பெருக்கினால் 9 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் 255 லிட்டர். விளிம்புவரை யாரும் நிரப்புவதில்லை. பாறையும் மணலும் கொஞ்சம் இடம் பிடிக்கும். உண்மையில் நிற்கும் தண்ணீர் 200 லிட்டர். 10 மி.மீ. கண்ணாடி 52 கிலோ, தண்ணீர் 205, பாறை 20, இரும்பு ஸ்டாண்டு 30. ஆக 300 கிலோவைத் தாண்டிய பாரம் அரைச் சதுர மீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தரநிலை எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. அது அறை முழுக்கப் பரவிய சுமைக்கான எண் என்றாலும், தொட்டியைச் சுவரோரம், கீழே விட்டம் ஓடும் இடமாகப் பார்த்து வைத்தேன்.

இந்த 200 லிட்டரில் கடலின் சராசரி உப்பளவு, அதாவது ஆயிரத்துக்கு 35, இருந்தால் கரைந்திருக்கும் உப்பு 7 கிலோ 160 கிராம். அதைப் பிரித்தால்: குளோரைடு 3,960 கிராம், சோடியம் 2,206, சல்ஃபேட் 555, மக்னீசியம் 263, கால்சியம் 84, பொட்டாசியம் 82, புரோமைடு 14, ஸ்டிரான்சியம் ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல். முதல் இரண்டு மட்டும் 86 சதம். இந்த விகிதம் உலகக் கடல் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சாலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 தண்ணீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர் அலசி, 1884-இல் முடிவை வெளியிட்டார். உப்பு கூடலாம், குறையலாம். ஒன்றுக்கொன்று உள்ள பங்கு மாறாது. இந்த ஒரு விஷயம் பின்னால் மழைக்காலத்தில் என் பர்ஸைக் காப்பாற்றுகிறது.

"அப்படியானால் கல்லுப்பைக் கரைத்துவிட்டால் போதாதா? ஏழு கிலோ, கிலோ 20 ரூபாய் போட்டாலும் 143 ரூபாய்தானே?" என்று என் மைத்துனர் கேட்டார். கணக்கு சரி. ஆனால் உப்பளக்காரர் வேலையே மற்றதைப் பிரித்துத் தள்ளுவதுதான். தூத்துக்குடிப் பாத்திகளில் கடல் தண்ணீர் காயக் காய முதலில் சுண்ணாம்புச் சத்து படிகிறது, அடுத்து ஜிப்சம். அடர்த்தி காட்டும் போமே மானியில் 25 டிகிரி வந்த பிறகுதான் சமையல் உப்பு விளைகிறது. அது விளைந்து முடிந்ததும் மிஞ்சும் கசப்புத் தண்ணீரை வடித்து ஒதுக்குகிறார்கள். மக்னீசியமும் பொட்டாசியமும் அதோடு போய்விடுகின்றன. சாம்பாருக்கு எது வேண்டாமோ அதெல்லாம் பவழத்துக்கு வேண்டும். அளத்தில் கழித்ததை ஆலையில் திரும்பக் கூட்டிச் சேர்த்து வாளியில் அடைத்தால் அதற்குப் பெயர் சால்ட் மிக்ஸ்.

அந்த மிக்ஸ் லிட்டருக்கு 38 கிராம் பிடிக்கும், அதிலேயே கொஞ்சம் ஈரம் கட்டியிருப்பதால். விலை பிராண்டுக்கு பிராண்ட் மாறும். நான் வாங்கும் வாளியில் கிலோ 300 ரூபாய் விழுகிறது. லிட்டருக்கு 11 ரூபாய் 40 காசு. கரைக்க நல்ல தண்ணீர் வேண்டும்; கேன் 40 ரூபாய் என்றால் லிட்டருக்கு 2 ரூபாய். ஆகமொத்தம் 13.40. பால் விலையோடு ஒப்பிட்டால் மலிவு என்று என் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். பாலை யாரும் வாராவாரம் சாக்கடையில் ஊற்றுவதில்லை என்று பதில் வந்தது.

ஊற்றித்தான் ஆக வேண்டும். மீன் தின்பது கடைசியில் நைட்ரேட்டாகத் தண்ணீரில் தங்குகிறது. என் தொட்டியில் வாரத்துக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஏறுகிறது. வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் நைட்ரேட் ஏறிக்கொண்டே போகாது; மாற்றுவதற்கு முன் 50, மாற்றியபின் 45 என்ற இடத்தில் நின்றுவிடும். ஐந்தில் ஒரு பங்கு மாற்றினால் 25-க்கும் 20-க்கும் நடுவே நிற்கும். தண்ணீரை இரண்டு மடங்காக்கினால் அழுக்கு பாதியாகிறது. வாளி உப்பில் இதைச் செய்தால் ஆண்டுச் செலவு 13,936-லிருந்து 27,872 ரூபாய் ஆகும். கடலுக்குப் போகும் எண்ணம் எனக்கு வந்தது இந்த வரியை எழுதியபோதுதான்.

இன்னொரு வேடிக்கையும் உறுத்திக்கொண்டிருந்தது. தென்சென்னைக் குழாய்களில் வருவது பெரும்பாலும் நெம்மேலித் தண்ணீர். 2013-இல் நாளுக்கு 10 கோடி லிட்டர் ஆலை ஒன்று, 2024-இல் 15 கோடி லிட்டர் ஆலை இன்னொன்று. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஏறக்குறைய இரண்டரை லிட்டர் கடலை உறிஞ்சி, உப்பை வடித்து, குழாயில் ஏற்றி வேளச்சேரிவரை அனுப்புகிறார்கள். நான் அதை வீட்டு ஆர்.ஓ.வில் இன்னொரு முறை வடிகட்டி, காசு கொடுத்து வாங்கிய உப்பைப் போட்டு, மறுபடி கடலாக்குகிறேன். நெம்மேலிக்குச் சில கிலோமீட்டர் வடக்கே கோவளம். அங்கே போய் மொண்டுகொண்டு வந்தால் நடுவில் இத்தனை வேலையும் மிச்சம்.

சரி, எங்கே மொள்வது? வீட்டுக்கு அருகே பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்கரைகள் இருக்கின்றன. ஸ்கூட்டரில் இரண்டு கேன், போகவர 12 கிலோமீட்டர், பெட்ரோல் 27 ரூபாய். லிட்டருக்கு 70 காசுகூட ஆகாது. எண்ணில் இதைவிட மலிவு இல்லை. ஆனால் பெசன்ட் நகருக்கு வடக்கே அடையாறு முகத்துவாரம், அதற்கும் வடக்கே கூவம். கரையோரம் அலை உடையும் இடத்தில் மொண்டால் பாதி மணல், மீதி என்னவென்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இன்னும் வடக்கே எண்ணூர்ப் பக்கம் பேச்சே வேண்டாம்: 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை வாளியில் அள்ளியதை ஊரே பார்த்தது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய்.

கோவளம் என்று முடிவானது. ஓ.எம்.ஆர். வழியே கேளம்பாக்கம் போய்த் திரும்பினால் போகவர 60 கிலோமீட்டர். கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும். 4 லிட்டர் பெட்ரோல், லிட்டர் 101 வீதம் 404 ரூபாய். பத்து கேன் ஏற்றலாம். கேன்களோடு சேர்த்து 213 கிலோ, பின்னால் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்த மாதிரி. கரையில் மொள்வதை இரண்டே முறையில் விட்டுவிட்டேன். ஃபைபர் படகில் விடியற்காலை வலை எடுக்கப் போகும் அண்ணன் ஒருவர், கரையிலிருந்து விலகிய இடத்தில் மொண்டுவந்து தருகிறார். கேனுக்கு 50 ரூபாய் அவரே சொன்ன விலை. முதல் நாள் நான் ஏதோ மருந்துக்குத் தண்ணீர் கேட்பதாக நினைத்துக்கொண்டார். மீன் வளர்க்க என்றதும் சிரித்துவிட்டு, "மழை பேஞ்சா பத்து நாளு வராதீங்க சார். செம்மண்ணுதான் கெடைக்கும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கே தனியாக ஏதாவது கொடுத்திருக்க வேண்டும்.

ஏனென்றால் இந்தக் கணக்கில் ரூபாயைவிட நாள்காட்டிதான் அதிகம் ஆட்டிவைக்கிறது. சென்னையில் ஆண்டு மழை 1,400 மி.மீ. அளவு, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். வேளச்சேரியில் பெய்யும் மழை எங்கே போகிறது என்று பாருங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயில் கலந்து, முட்டுக்காட்டில் கடலைத் தொடுகிறது. முட்டுக்காடு கோவளத்துக்குச் சற்று வடக்கே. அந்த மூன்று மாதமும் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது, வங்காள விரிகுடாவின் தலைமாட்டிலிருந்து பெரிய ஆறுகளின் நல்ல தண்ணீரையும் இழுத்துக்கொண்டு. அதாவது நவம்பரில் கோவளத்தில் நான் மொள்ளும் கேனில் எங்கள் தெருவின் சாக்கடைக்கும் பங்கு உண்டு. பிப்ரவரி வந்ததும் ஓட்டம் திரும்பி வடக்கே போகத் தொடங்குகிறது. நகரத்தின் அழுக்கு நகரத்துக்கு வடக்கே போய்விடுகிறது. உப்பளவு பார்க்கும் என் ரிஃப்ராக்டோமீட்டர் கோவளத் தண்ணீருக்கு மே மாதம் 34, 35 காட்டியிருக்கிறது. ஒரு டிசம்பரில் 28.

28 இருந்தால் அந்தத் தண்ணீர் வீண் என்று அர்த்தமில்லை. டிட்மாரின் 77 குப்பிகள் இங்கேதான் உதவுகின்றன. விகிதம் அநேகமாக அதேதான், அளவுதான் குறைவு. 20 லிட்டர் கேனை 28-லிருந்து 35-க்குக் கொண்டுவர 152 கிராம் மிக்ஸ் போதும், 46 ரூபாய். முழுக் கேனையும் மிக்ஸில் செய்தால் 228. ஆனாலும் மழை மாதத்தில் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். உப்பைத் திருத்தலாம், ஒக்கியம் மடுவைத் திருத்த என் சமையலறையில் எதுவும் இல்லை.

வெயில் காலத்திலும் எல்லா நாளும் நல்ல நாள் இல்லை. 2019 ஆகஸ்ட் 18 இரவு திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக அலைகள் நீலமாக மின்னியதை நினைவிருக்கிறதா? நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரின் பெருக்கம் அது. ஊரே செல்போனோடு கடற்கரையில் நின்றது. அந்த உயிர் தன் உடலுக்குள் அம்மோனியாவைச் சேர்த்துவைப்பது. அப்படிப்பட்ட தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால் மீன்களுக்கு விடிந்தால் தெரியும். பார்க்க அழகான கடலும் மொள்ளத்தக்க கடலும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. ஃபைபர் படகுகளுக்கு அந்தத் தடை இல்லாததால் அண்ணன் வழக்கம்போல் போவார். எனக்குப் பிடித்த மாதங்கள் அவை.

மொண்டுவந்ததை அப்படியே ஊற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு. 1961-இல் ஜகார்த்தாக்காரர் லீ சின் எங், கடல் தண்ணீர், உயிருள்ள பாறை, காற்றுக் குமிழி இவற்றை மட்டும் வைத்துப் பவழங்களை வளர்த்துக் காட்டி, அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார். கடல் பக்கத்தில் இருந்தது, தண்ணீர் புதிதாக இருந்தது. என் தண்ணீருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. முதல் ஆண்டில் இரண்டு கேனை இறுக மூடி மொட்டைமாடியில் நான்கு நாள் விட்டுவிட்டேன். திறந்தபோது அழுகிய முட்டை நாற்றம். உள்ளே இருந்த நுண்ணுயிர்கள் செத்து அழுகியதில் பிராணவாயுவும் தீர்ந்துவிட்டிருந்தது. 40 லிட்டர் நேராகச் சாக்கடைக்கு. தப்பு என்னுடையது, பெட்ரோலும் என்னுடையது.

இப்போது 200 லிட்டர் நீல டிரம்மில் ஊற்றி, மூடியைத் தளர்த்தி, 5 வாட் காற்று பம்ப் போட்டு, இருட்டில் மூன்று வாரம் விடுகிறேன். வெளிச்சம் இல்லாவிட்டால் பாசியினம் மடிந்து அடியில் படியும். மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி நோய் தரும் ஒட்டுண்ணி, மிதக்கும் பருவத்தில் மீன் கிடைக்காவிட்டால் ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது. கூட்டுக்குள் இருக்கும் பருவம் நாலு வாரம்வரை இழுக்கக்கூடும் என்பதால், அவசரமில்லாதபோது ஐந்தாவது வாரம்தான் திறப்பேன். சந்தேகம் வந்த தண்ணீருக்கு மட்டும் குளோரின்: லிட்டருக்கு 10 மில்லிகிராம் வேண்டுமென்றால் ஒரு டிரம்முக்கு 4 சதவீத ஹைப்போகுளோரைட் 50 மில்லி. ஒரு நாள் கழித்து 14 கிராம் சோடியம் தயோசல்ஃபேட் போட்டு முறிக்க வேண்டும். நான்கு ஆண்டில் இரண்டு முறை செய்திருக்கிறேன். மற்றபடி 5 மைக்ரான் பையில் வடிகட்டினால் போதும். டிரம்மின் அடியில் படிந்ததைத் தொடாமல் விட்டு, சிந்தியது போக, 200-க்கு 173 லிட்டர் தேறுகிறது. பித்தளைக் குழாய் மட்டும் கூடவே கூடாது. அதிலிருந்து இறங்கும் செம்பு, மீனை விட்டாலும் இறாலையும் நத்தையையும் விடாது. பிளாஸ்டிக் குழாய் 60 ரூபாய்.

இயற்கைக் கடல் தண்ணீரில் காரத்தன்மை 6.5 டிகிரி அளவில்தான் இருக்கும். பவழத்துக்கென்று விற்கும் மிக்ஸ்களில் இதைக் கூட்டித்தான் வைக்கிறார்கள். 8-க்கு ஏற்றக் கேன் ஒன்றுக்கு 0.9 கிராம் சமையல் சோடா, ஆப்பத்துக்குப் போடுவதே. அதற்குக் கணக்கில் வரி எழுதவில்லை.

இனி ஆண்டுக்கான வரவு செலவு. டிரம் எத்தனை என்பதில்தான் நான் முதலில் ஏமாந்தேன். ஒரு பயணத்துக்கு 173 லிட்டர் என்றால் வாரம் 20 வீதம் எட்டரை வாரத்துக்குச் சற்று மேல் ஓடும். பிப்ரவரி முதல் செப்டம்பர் முடிய 34 வாரத்துக்குச் சொச்சம், நாலு பயணம். அக்டோபரிலிருந்து ஜனவரி முடிய 17 வாரத்துக்குச் சொச்சம், இரண்டு பயணம். ஆனால் அந்த இரண்டையும் செப்டம்பரிலேயே முடித்துவிட வேண்டும். அப்போது ஆகஸ்டு டிரம் இன்னும் தீர்ந்திருக்காது. ஆக இரண்டு போதாது, மூன்று வேண்டும். மூன்றையும் பால்கனியில் நிறுத்தினால் 600 கிலோ. கட்டடச் சங்கத்தாரிடம் பேசி மாடிப்படிக்குக் கீழே இடம் வாங்கினேன். வாரம் ஒரு கேன் மேலே தூக்குவது அதனால்தான்.

கடல் தண்ணீர், 1,200 லிட்டர் கொண்டுவந்து 1,040 பயன்படுத்தியது:
பெட்ரோல், 6 பயணம்: ரூ. 2,424
படகுக்காரருக்கு, 60 கேன்: ரூ. 3,000
டிரம் 3, தலைக்கு ரூ. 1,200, ஐந்தாண்டில் கழித்தது: ரூ. 720
வடிகட்டிப் பைகள்: ரூ. 600
குளோரின் வகையறா: ரூ. 100
காற்று பம்ப், 15 யூனிட் கரண்ட்: ரூ. 90
மொத்தம்: ரூ. 6,934

வாளி உப்பு, 1,040 லிட்டர்:
மிக்ஸ், 39.52 கிலோ: ரூ. 11,856
நல்ல தண்ணீர், 52 கேன்: ரூ. 2,080
மொத்தம்: ரூ. 13,936

வித்தியாசம் 7,002 ரூபாய். இதில் காலி கேன்கள் வீட்டில் கிடந்தவை, சேர்க்கவில்லை. சோதனைக் கிட்டுகளும் ஆவியாகும் தண்ணீருக்கு ஈடு ஊற்றுவதும் இரு பக்கத்துக்கும் பொது, அதனால் விட்டேன்.

ஆனால் நேரம் இருக்கிறது. ஒரு பயணத்துக்கு 4 மணி நேரம் என்று ஆறுக்கு 24. வடிகட்டல், டிரம் கழுவல் 6. மொத்தம் 30 மணி. மிக்ஸ் கலக்க வாரம் பத்து நிமிடம், ஆண்டுக்கு 8.7 மணி. கூடுதலாகக் கடலுக்குக் கொடுப்பது 21.3 மணி. அதற்குக் கிடைக்கும் கூலி மணிக்கு 329 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கோவளத்தில் நின்று, திரும்பும்போது கேளம்பாக்கத்தில் பொங்கல் வடை சாப்பிடுவதற்கு 329 ரூபாய் கூலி என்றால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பொங்கல் வடையின் விலை இந்தக் கணக்கில் வராது, வரக்கூடாது.

இன்னொரு வரி உண்டு, அதை எழுதத்தான் கை வராது. தொட்டியில் இருக்கும் உயிர்களின் மதிப்பு 20,000 ரூபாய் என்று வைப்போம். ஐந்தாண்டில் ஒரே ஒரு கெட்ட தண்ணீர் அத்தனையையும் கொன்றால், ஆண்டுக்கு 4,000 ரூபாய் அதற்கென்று ஒதுக்க வேண்டும். எனக்கு இதுவரை அப்படி நேரவில்லை, ஆனால் நேராதது கணக்கில் இல்லாதது ஆகாது. ஒதுக்கினால் மிச்சம் 3,002 ரூபாய், கூலி மணிக்கு 141. இன்னும் திருப்பிப் போட்டால், மிக்ஸ் கிலோ 224 ரூபாய்க்குக் கீழே கிடைக்கிறவர் கடலுக்குப் போவது நஷ்டம். இரண்டடித் தொட்டிக்காரருக்கோ கணக்கே வேண்டாம்: நிற்கும் தண்ணீர் 45 லிட்டர், ஆண்டுக்கு மாற்ற வேண்டியது 234. ஒன்பது கிலோ மிக்ஸில் முடியும் வேலைக்கு டிரம், படகு, பெட்ரோல் என்று ஆரம்பிப்பது ஒரு தோசைக்கு ஆட்டுக்கல் வாங்குவது போல. நேர்மாறாக, வாரம் 40 லிட்டர் மாற்ற நினைத்தால் வித்தியாசம் 14,000 ரூபாயாகிறது. நைட்ரேட் பாதியாவது அதற்கு மேல் வரும் வட்டி. என் வரையில் கடல் தண்ணீரின் லாபம் அங்கேதான் இருக்கிறது, மிச்சம் பிடிப்பதில் இல்லை. லிட்டர் பதின்மூன்று ரூபாய் என்றால் கை சுருங்குகிறது. மீன்களுக்குத் தண்ணீர் மாற்றுவதைத் தள்ளிப்போடச் சாக்கு தேடுகிறோம். டிரம் நிறைய இருந்தால் ஊற்றிவிடுகிறோம்.

இப்படிக் கை தாராளமாவதிலும் ஓர் ஆபத்து. ஆவியாகிக் குறைந்த அளவைக் கடல் தண்ணீராலேயே நிரப்பும் வழக்கம் புதியவர்களிடம் பார்த்திருக்கிறேன். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கிறது. என் தொட்டியில் நாளுக்கு ஒன்றரை லிட்டர் போகிறது. அதைக் கடல் தண்ணீரால் ஈடுகட்டினால் நாளுக்கு 54 கிராம் உப்பு கூடும். 30 நாளில் 1,600 கிராம். 35-இல் தொடங்கிய தொட்டி 43-ஐ நெருங்கிவிடும். ஆகவே கடல் எத்தனை டிரம் இருந்தாலும் ஆண்டுக்கு 548 லிட்டர் நல்ல தண்ணீர் தனியே வேண்டும், 27 கேன்.

தூரம் எவ்வளவு இருந்தால் கட்டும் என்று கேட்பவர்களுக்கு சிகாகோ கதையைச் சொல்வேன். கடலே இல்லாத அந்த ஊரில் 1930-இல் ஷெட் அக்வேரியம் திறந்தபோது, புளோரிடாவின் தென்கோடியில் உள்ள கீ வெஸ்டிலிருந்து பத்து லட்சம் காலன் கடல் தண்ணீரை ரயிலில் கொண்டுவந்தார்கள். இருபது டேங்கர் பெட்டிகள், எட்டு நடை. 37.85 லட்சம் லிட்டர். பெட்டிக்கு 23,650 லிட்டர். என் காரில் என்றால் 18,925 நடை. பிறகு அவர்களும் செயற்கை உப்புக்கு மாறிவிட்டார்கள். நம் சென்னையில் மெரினா மணலிலேயே 1909-இல் கடல்மீன் காட்சியகம் ஒன்று திறந்து, இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டது. தண்ணீர்ப் போக்குவரத்துச் செலவு என்று பார்த்தால் அதைவிட நல்ல இடத்தை யாரும் தேர்ந்திருக்க முடியாது.

கோவளத்துக்கு என்னோடு வந்த நண்பர் ஒருவர், கரையில் ஒதுங்கிய பவழத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெறும் கல்தானே என்றார். திரும்ப வைக்கச் சொன்னேன். கல்லாய் வளரும் பவழங்கள், கடல் விசிறிகள், கடல் குதிரைகள், கடல் அட்டைகள் எல்லாம் 2001 ஜூலையில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏற்றப்பட்டவை, புலிக்கு இணையாக. என் தொட்டியில் உள்ள பாறை சிமென்ட்டும் கிளிஞ்சலும் கலந்து வார்த்தது. இரண்டு ஆண்டில் அதுவும் ஊதா நிறம் பூசிக்கொண்டுவிட்டது.

சென்ற ஆண்டு செப்டம்பர் கடைசி ஞாயிறு ஆறாவது பயணம். அண்ணன் பத்து கேனையும் ஏற்றிவிட்டு, "இனிமே பொங்கலுக்கு அப்பறம் வாங்க சார்" என்றார். மூன்றாவது டிரம்மின் மூடியில் மார்க்கரால் 'டிசம்பர் 1' என்று எழுதினேன். அந்த டிசம்பர் 1 காலை வேளச்சேரியில் முழங்காலளவு தண்ணீர். கரண்ட் இல்லை, டார்ச் வெளிச்சத்தில் மூடியைத் திறந்தேன். வாடை ஏதுமில்லை. ஒரு சொட்டு எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன்: 34. வாசலில் தெருத் தண்ணீர் பள்ளிக்கரணைப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. கேனை நிரப்பி, நோட்டில் 20 லிட்டர் கழித்து, மிச்சம் 153 என்று எழுதிவிட்டு மாடி ஏறினேன்.